பிள்ளைக்கு மரச்சாமான் வாங்கலாமா? எந்தப் படப்புத்தகம் நல்லது?

தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் நம் தோட்டத்துக் குடும்பங்களில் செலவுக்கா பஞ்சம்? உடுப்பு, பலகாரச் சாமான், கடைக் கடன் எல்லாம் போக மிஞ்சுகிற காசில், பண்டாரவளையிலோ பதுளையிலோ பஸ் ஏறுவதற்கு முன்னால், பிள்ளைகளுக்கு என்று ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டு வருகிறோம். கத்துகிற கார், வெளிச்சம் அடிக்கிற துவக்கு, கண் சிமிட்டுகிற பொம்மை. மூன்றாம் நாள் அது சக்கரம் கழன்று லயத்துக் கானில் கிடக்கும். பிள்ளை பழையபடி கல்லையும் சிரட்டையையும் வைத்து விளையாடிக்கொண்டிருக்கும்.

எல்லப் பக்கத்துத் தாய்மார் சிலர் எங்களிடம் கேட்பது இது: "டவுன் கடையில வெளிநாட்டுக்காரங்களுக்கு விக்கிற மரப் பொம்மை நல்லதுங்களா? வெல கூடதான். ஆனா பிளாஸ்டிக் மாதிரி ஒடையாதுல்ல?" நியாயமான கேள்வி. 2024ஆம் ஆண்டு வர்த்தமானியில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று ஆனது. அப்படிப்பட்ட சம்பளத்தில் ஒரு நாள் உழைப்பை ஒரு மர யானைக்குக் கொடுப்பதென்றால் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும்.

மரம் நல்லதுதான். ஆனால் மரம் என்பதற்காக மட்டும் காசை நீட்டிவிட வேண்டாம். முதலில் அதன் வர்ணத்தைப் பாருங்கள். அடுத்தது அளவு. அதற்கும் அடுத்தது, பிள்ளை அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும் என்பது. விலையைக் கடைசியாகக் கேட்கலாம்.

வர்ணத்தில் இருக்கிறது விஷயம்

எல்ல டவுன் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் மர யானை, முச்சக்கர வண்டி, முகமூடி எல்லாம் பார்க்க அழகு. ஆனால் அவற்றில் பல, வந்து போகிறவர்கள் தங்கள் வீட்டு அலுமாரியில் வைத்துப் பார்ப்பதற்காகச் செய்தவை. செய்தவருக்குப் பல் முளைக்கிற பிள்ளையைப் பற்றிய நினைப்பு இருந்திருக்காது. நம்ம பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டா இருக்கும்? முதல் வேலையாக வாயில் வைக்கும். ஒரு வயதுப் பிள்ளைக்கு வாய்தான் மூன்றாவது கை.

மரச்சாமான் என்றால் ஆபத்தில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவம் சொல்கிறோம். 2007ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் ஆர்.சி.2 என்ற கம்பெனி, பிள்ளைகள் விளையாடும் 'தோமஸ்' மர ரயில் சாமான்களில் சுமார் 15 இலட்சத்தை வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் திரும்ப அழைத்தது. மரத்தில் குறை இல்லை. மேலே பூசிய வர்ணத்தில் ஈயம் இருந்தது. பெரிய கம்பெனி, நல்ல பெயர், கூடின விலை, இத்தனை இருந்தும் அப்படி நடந்தது.

ஈயம் உடம்பில் சேர்ந்தால் பெரும்பாலும் வெளியில் ஒன்றும் தெரியாது. காய்ச்சல் வராது, வயிற்றோட்டம் போகாது. மெதுவாக மூளையைப் பாதிக்கும். பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது பாடம் ஏறாது, ஒரு இடத்தில் மனது நிற்காது. "இது படிக்காத பிள்ளை" என்று நாமே பேர் வைத்து விடுவோம். இந்த அளவுக்குள் இருந்தால் பயமில்லை என்று சொல்லக்கூடிய ஓர் அளவு ஈயத்துக்குக் கிடையாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. வாய் வழியாகப் போகிற ஈயத்தைப் பெரியவர்களின் உடம்பை விடச் சிறு பிள்ளைகளின் உடம்பு நாலைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். இரத்தச்சோகை உள்ள பிள்ளையென்றால் இன்னும் கூடுதல். தோட்டத்தில் இரத்தச்சோகை எவ்வளவு என்பது மிட்வைஃப் மிஸ்ஸைக் கேட்டால் தெரியும். ஆகவே இது அமெரிக்காவை விட நமக்குத்தான் பெரிய விஷயம்.

நம் நாட்டில் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை கொண்டு வந்த விதி 2013ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து நடைமுறைக்கு வந்தது. சிறுவர் விளையாட்டுச் சாமான்களுக்குப் பூசும் வர்ணத்தில் பத்து இலட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. விதி இருக்கிறது. ஆனால் சந்தையில் சாக்கை விரித்து விற்கிறவரிடம் அந்தக் கணக்கைக் கேட்க முடியுமா? ஈயத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க வழியே இல்லை. வீட்டில் நாம் செய்யக் கூடியது இவ்வளவுதான்: ஒரு வெள்ளைத் துணியை நனைத்து அழுத்தித் துடைத்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் வேண்டாம். நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தாலும் வேண்டாம். வீட்டுக் கதவுக்குப் பூசுகிற பெயின்டை அடித்த மாதிரி வாசம் வந்தால் கீழே வைத்துவிடுங்கள். இதிலெல்லாம் தப்பிவிட்டது என்பதற்காக அது ஈயமில்லாத சாமான் என்று அர்த்தமில்லை. அதனால்தான் சொல்கிறோம், மூன்று வயதுக்குக் கீழே வர்ணமே பூசாத மரம்தான் நிம்மதி. நிறம் கேட்கிற மனது பெரியவர்களுடையது. பிள்ளைக்கு வழவழப்பும், தட்டினால் வருகிற சத்தமும் போதும்.

அரக்குச் சாமான் என்று ஒன்று உண்டு. கர்நாடகத்துச் சன்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்து, சுற்றுகிற மரத்தில் அரக்குக் குச்சியை வைத்து அழுத்துவார்கள். உராய்கிற சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். திருநெல்வேலிப் பக்கம் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானும் இந்த இனம்தான். நம் நாட்டில் மாத்தளைப் பக்கம் பல்லேஹப்புவிதவில் நகத்தாலேயே அரக்கு நூலை வளைத்து வேலை செய்கிற கைவினைஞர்கள் உண்டு. அரக்கு ஒரு பூச்சி தருகிற பிசின், அது உடம்புக்குக் கெடுதல் செய்யாது. அதில் கலக்கிற நிறம் எது என்பதுதான் கேள்வி. பழைய காலத்தில் சாதிலிங்கம், அரிதாரம் எல்லாம் கலந்திருக்கிறார்கள். இரண்டும் நஞ்சு. மஞ்சள், அவுரி மாதிரிச் செடி நிறமா என்று கேட்டு வாங்குங்கள். சொல்லத் தெரியாத கடைக்காரரிடம் வாங்க வேண்டாம்.

அளவு

உங்கள் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு வளையம் போடுங்கள். அந்த வளையத்துக்குள் நுழைந்து போகிற எந்தச் சாமானும், சாமானிலிருந்து கழன்று வருகிற எந்தத் துண்டும், மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு ஆகாது. தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மர வண்டியின் சக்கரத்தை இழுத்துப் பாருங்கள், யானையின் கண் ஒட்டியதா, ஆணி அடித்ததா, மரத்திலேயே செதுக்கியதா என்று பாருங்கள். செதுக்கியதுதான் நல்லது.

இழுக்கிற வண்டியில் நூல் ஒரு சாணுக்கு மேல் இருந்தால் வெட்டி விடுங்கள். கழுத்தில் சுற்றிக்கொண்டால் பிறகு அழுது பயனில்லை.

பெட்டரி போட்ட சாமான்களைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறோம். பொத்தான் மாதிரிச் சின்னப் பெட்டரி இருக்கிறதே, அதைப் பிள்ளை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக் குழாயைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். பிள்ளை விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே போதும், பேரட்டும் வேலையும் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அந்தப் பெட்டரி இருக்கும் மூடிக்கு ஸ்குரூ இல்லையென்றால் அந்தச் சாமானை வாங்கவே வேண்டாம்.

இன்னொன்று நடைபழகுகிற சாமான். பிள்ளையை உள்ளே உட்கார வைத்து உருட்டி விடுகிற வோக்கரைக் கனடா 2004ஆம் ஆண்டே தடை செய்துவிட்டது. படியில் உருண்டு தலையில் அடிபட்ட பிள்ளைகள் அங்கே ஏராளம். நம் லயங்களைச் சொல்ல வேண்டுமா? இஸ்தோப்பைத் தாண்டினால் படி, படியைத் தாண்டினால் கான், கானைத் தாண்டினால் பள்ளம். நம் முன்னோர் ஊரில் பயன்படுத்தியது மூன்று சக்கர நடைவண்டி. பிள்ளை நின்றுகொண்டு தானே தள்ளும், விட்டால் வண்டியும் நின்றுவிடும். அதுவே எவ்வளவோ மேல். அதையும் சமமான தரையில், ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள்.

என்ன செய்யலாம் அதை வைத்து?

பெரும்பாணாற்றுப்படை என்ற சங்க நூலில் ஒரு காட்சி வருகிறது. தச்சர் செய்து கொடுத்த சின்னத் தேரை உருட்டி உருட்டி விளையாடிய பிள்ளைகள், நடந்த களைப்பில் செவிலித் தாயிடம் பால் குடித்துவிட்டுத் தூங்கிப் போகிறார்கள். இரண்டாயிரம் ஆண்டு அளவுக்குப் பழைய பாட்டு. நம் பிள்ளை மடுவத்தில் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஆயா அம்மா பார்க்கிற காட்சியும் இதேதான். அந்தத் தேரில் பெட்டரி இல்லை, பாட்டு இல்லை. உருட்டினால் உருளும். பிள்ளை செய்ததற்குச் சாமான் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சாமானே எல்லாவற்றையும் செய்துவிட்டால் பிள்ளை வேடிக்கை பார்க்கிற ஆளாகிவிடும். கொஞ்ச நேரத்தில் சலித்துப் போகும்.

நம் ஊரில் முன்பள்ளியை 'மொண்டிசோரி' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அது ஒரு அம்மாவின் பெயர். மரியா மொண்டிசோரி இத்தாலிய டாக்டர். 1907ஆம் ஆண்டு ரோம் நகரத்தில் கூலி வேலைக்குப் போகிறவர்கள் குடியிருந்த கட்டடத்தில்தான் தன் முதல் பள்ளியைத் தொடங்கினார். தாய் தகப்பன் வேலைக்குப் போனதும் பிள்ளைகள் கட்டடத்தைப் பாழாக்குகிறார்கள் என்று சொந்தக்காரர்கள் கவலைப்பட்டதால் கிடைத்த இடம் அது. நம்ம பிள்ளை மடுவத்தின் கதைதான். அந்தப் பிள்ளைகளுக்கு அவர் கொடுத்ததில் பாதி மரக்கட்டைகள்: பெரியது சின்னது, தடித்தது மெல்லியது. 1939ஆம் ஆண்டு சென்னை அடையாறுக்கு வந்தவர் யுத்தம் முடியும் வரை இந்தியாவிலேயே இருந்தார். அதில் சில காலம் கொடைக்கானல் மலையில்.

ஆகவே ஒரே ஒரு சாமான்தான் வாங்க முடியும் என்றால் எங்கள் சிபாரிசு மரக்கட்டைகள். மாடு கட்டுவது, கோயில் கட்டுவது, பாலம் கட்டுவது எல்லாம் அதில் நடக்கும். எல்லப் பக்கத்துப் பிள்ளைக்குப் பாலம் என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. 1921ஆம் ஆண்டு கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலம் தேயிலைக்கு நடுவிலேயே நிற்கிறது. கல்லும் செங்கல்லும் சீமெந்தும் தவிர அதில் இரும்பு இல்லை என்று தாத்தா சொன்னால், பிள்ளை அன்றைக்கே கட்டையை வளைத்து வளைத்து அடுக்கிப் பார்க்கும். விழும். திரும்ப அடுக்கும்.

இதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. தோட்டத்தில் தச்சு வேலை செய்கிற பாஸிடம் துண்டுக் கட்டை கேளுங்கள். அமெரிக்காவில் கரோலின் பிராட் என்ற ஆசிரியை 1913ஆம் ஆண்டு வாக்கில் ஒரு கணக்கு வைத்தார்: ஒரு கட்டை, அதைப் போல் இரண்டு மடங்கு நீளத்தில் ஒன்று, நாலு மடங்கு நீளத்தில் ஒன்று. இன்றைக்கும் உலகம் முழுக்க அதே கணக்குத்தான். நம் அளவில் இரண்டு அங்குலம், நாலு அங்குலம், எட்டு அங்குலம் என்று வெட்டினால் சரி. இருபது இருபத்தைந்து கட்டை போதும். முனைகளை மழுக்கி, சாண்ட் பேப்பர் போட்டு, கன்னத்தில் தேய்த்துப் பாருங்கள். கன்னத்தில் கீறாதது பிள்ளையின் கையிலும் கீறாது. மேலே ஒரு துணியால் கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசினால் முடிந்தது.

எந்த மரம்? பலா, மா இரண்டும் நல்லது. தோட்டத்தில் தாராளமாகக் கிடைப்பது சவுக்கு, அதாவது கிரவில்லா. ஆனால் அதன் தூளும் பிசினும் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும், வாயில் வைக்கிற வயதுப் பிள்ளைக்கு அது வேண்டாம். கிளிரிசிடியா கூடவே கூடாது. அதன் பட்டையையும் விதையையும் எலிக்கு நஞ்சாக வைப்பார்கள், அந்தப் பெயருக்கே எலியைக் கொல்வது என்றுதான் அர்த்தம். அலரிக் குச்சியும் அப்படியே நஞ்சு. ரயில் பாதையில் கழித்துப் போட்ட பழைய சிலிப்பர் கட்டையில் தார் எண்ணெய் ஊறியிருக்கும், அதையும் தொட வேண்டாம். மருந்தடிக்கிற காலிக் கேனைப் பிள்ளைகள் மேளமாகத் தட்டுவதைச் சில இடங்களில் பார்க்கிறோம். கழுவினாலும் அது மருந்துக் கேன்தான்.

புத்தகம் எழுத்துத் தெரிந்தவர்களுக்கு மட்டுமா?

இந்தப் பகுதியைத்தான் நாங்கள் முக்கியமாக எழுத நினைத்தோம். 1980ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டில் பள்ளிக்கூடப் புத்தகம் இலவசம். அதனால் பல குடும்பங்களில் புத்தகம் என்றால் அது முதலாம் வகுப்பில் வருகிற சாமான். அதற்கு முன் ஐந்து வருடம் பிள்ளை ஒரு தாளைப் புரட்டியே பார்த்திருக்காது. டவுன் பிள்ளை அன்றைக்குள் நூறு கதை கேட்டிருக்கும். இரண்டு பிள்ளைகளையும் ஒரே பரீட்சையில்தான் உட்கார வைப்பார்கள்.

"எங்களுக்கே வாசிக்கத் தெரியாதுங்க, புள்ளைக்கு எப்புடி?" என்று கேட்கிற தாய்மாருக்கும் அப்பாயிமாருக்கும் சொல்கிறோம், படப்புத்தகத்துக்கு எழுத்துத் தேவையில்லை. பிள்ளையை மடியில் வைத்து, ஒவ்வொரு படமாக விரல் வைத்து, "இது யாரு? என்ன பண்ணுது? ஏன் அழுவுது?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்கிற ஒரு சொல்லை நீங்கள் இரண்டு சொல்லாக்கித் திருப்பிச் சொல்லுங்கள். "மாடு" என்றால் "ஆமா, வெள்ள மாடு." அதுதான் வாசிப்பு. கொழுந்தெடுத்துவிட்டு வந்து குசினி வேலையும் முடித்த பிறகு பத்து நிமிஷம் கிடைத்தால் போதும். அப்பாமாருக்கும் அந்தப் பத்து நிமிஷம் உண்டு என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் விட முடியாது.

நல்ல படப்புத்தகம் எப்படி இருக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு எடுத்துக்காட்டு இருக்கிறது. சிபில் வெத்தசிங்க எழுதிப் படமும் வரைந்த 'குட ஹொரா', அதாவது குடைத் திருடன். 1956ஆம் ஆண்டு வந்தது. குடையே பார்த்திராத கிராமத்துக்கு ஒரு மாமா டவுனிலிருந்து குடை கொண்டு வருகிறார். வழியில் தேத்தண்ணிக் கடையில் நுழைந்து வருவதற்குள் குடையைக் காணோம். திரும்பத் திரும்ப வாங்குகிறார், திரும்பத் திரும்பக் காணாமல் போகிறது. கடைசியில் குடைக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டு வைத்து, அவை விழுந்த வழியே போய்ப் பார்த்தால் மரம் முழுக்கக் குடை தொங்குகிறது. எடுத்தது ஒரு குரங்கு! ஒரு எழுத்துக்கூட வாசிக்காமல், சிங்களம் தெரியாமல், படத்தை மட்டும் பார்த்தே இந்தக் கதையைச் சொல்லிவிடலாம். இத்தனைக்கும் மழை, குடை, தேத்தண்ணிக் கடை, குரங்கு எல்லாம் நமக்குத் தெரிந்தவை. ஜப்பான்காரர்களும் மொழிபெயர்த்துக் கொண்டாடிய புத்தகம். அந்த அம்மா 2020ஆம் ஆண்டு காலமானார்.

வாங்கும்போது இதைக் கவனியுங்கள்: ஒரு பக்கத்தில் ஒரு படம், அதற்குக் கீழே ஒன்றிரண்டு வரி. ஒரே பக்கத்தில் அறுபது படத்தை நெருக்கி, ஆப்பிள், விமானம், வரிக்குதிரை என்று ஆங்கிலப் பெயர் போட்ட புத்தகங்கள்தான் கடையில் முன்னால் தொங்கும். அவை கதை சொல்லாது, பேச்சை வளர்க்காது. தமிழில், பிள்ளை காதால் கேட்கிற மாதிரியான சொல்லில் எழுதியதைத் தேடுங்கள். சென்னையில் 1996ஆம் ஆண்டு தொடங்கிய தூலிகா பதிப்பகம் தமிழில் நல்ல படப்புத்தகங்கள் போட்டிருக்கிறது. ரூம் டு ரீட் என்ற நிறுவனம் 2005 முதல் இலங்கையில் வேலை செய்து சிங்களத்திலும் தமிழிலும் சிறுவர் கதைப் புத்தகங்களை வெளியிட்டிருக்கிறது. ஸ்மார்ட் போன் உள்ள வீடுகளில், 2015ஆம் ஆண்டு பிரதம் புக்ஸ் தொடங்கிய ஸ்டோரிவீவரில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் போனைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போவதற்குப் பெயர் கதை சொல்வதில்லை.

இந்தியப் புத்தகங்களில் சில சொற்கள் நமக்கு வேறு மாதிரி இருக்கும். புத்தகத்தில் 'சமையலறை' என்று இருந்தால் நீங்கள் தாராளமாகக் 'குசினி' என்று சொல்லுங்கள். புத்தகம் கோபித்துக்கொள்ளாது.

காசே இல்லையென்றால் வீட்டிலேயே செய்யலாம். நெஸ்டமோல்ட் பெட்டி அட்டையைச் சமமாக வெட்டுங்கள். பழைய பத்திரிகை, கலண்டரில் இருந்து படங்களை வெட்டிக் கோதுமை மாப் பசையால் ஒட்டுங்கள். ஓரத்தில் ஊசி நூலால் தைத்துவிடுங்கள். ஸ்டேப்பிள் பின் அடிக்க வேண்டாம், கழன்றால் வாய்க்குள் போகும். அதில் ஒரு பக்கம் பிள்ளையின் அம்மாயி, தாத்தாவின் போட்டோ இருக்கட்டும். பிள்ளை எந்தப் பக்கத்தை அடிக்கடி புரட்டுகிறது என்று பாருங்கள்.

நம் மலைநாட்டுக் குளிரில் மரமும் புத்தகமும் பூஞ்சணம் பிடிக்கும். மரக்கட்டையைத் தண்ணீரில் ஊறப்போடாமல் சவர்க்காரத் துணியால் துடைத்து வெயிலில் வையுங்கள். புத்தகத்தைச் சுவரில் ஒட்டாமல் வையுங்கள்.

பிள்ளை மடுவத்துக்கு நாலைந்து குடும்பம் சேர்ந்து வாங்கிக் கொடுப்பதும் நல்ல யோசனை. ஒரு வீட்டுக்கு ஒரு புத்தகம் என்றாலும் மடுவத்துக்கு ஐந்து புத்தகம். ஆனால் கொடுத்த புத்தகம் "கிழிஞ்சிடும்" என்று அலுமாரிக்குள் பூட்டியிருந்தால், ஆயா அம்மாவிடம் மரியாதையாகச் சொல்லி வெளியே எடுக்கச் சொல்லுங்கள். பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரத்தில், முன் அட்டை தெரிகிற மாதிரிச் சுவரோடு ஒரு பலகையும், புத்தகம் விழாமல் ஒரு கயிறும் கட்டினால் போதும். அந்தப் பலகையையும் தச்சு வேலை பாஸிடமே கேட்கலாம்.